பெங்களூரு அலுவலகப் படம்

அந்த நிறுவனத்தின் காணொலிக் கூட்டங்களில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: யார் எங்கிருந்து பேசுகிறார் என்று எவரும் கேட்கக் கூடாது. தினமும் அலுவலகம் வந்தே வேலை செய்யவேண்டும் என்பது உத்தரவு; அதனால் பெங்களூரு அலுவலகத்தின் படத்தையே எல்லாரும் முதுகுக்குப் பின்னால் பொருத்திக்கொண்டார்கள். திருத்தணி மலையடிவாரத்து வாடகை அறையில் வேலை செய்த தமயந்தியும் அப்படித்தான்.

அன்று மேலாளர் கங்காதரன் கொதித்தார்.

"வெங்கடேசா, நேத்து உன் மைக்ல மணவூர் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டுச்சு. ஊர்ல உக்காந்துகினு ஏமாத்துறியா? இன்னியோட உன் வேலை காலி. நான் தினமும் ஆபீஸ் வரல?"

வெங்கடேசன் தலைகவிழ்ந்தான்.

"வேலைல அவர் ஒரு குறையும் வைக்கலீங்களே சார்," என்றாள் தமயந்தி.

"உனக்கும் வேலை போவணுமாம்மா?"

அப்போது அவள் சன்னலோரம் ஒரு காவடி வந்தது. "தணிகைவேலனுக்கு!" என்று ஒரு கரகரத்த குரல் முழங்கியது. பதறி மைக்கை அணைத்தாள். காவடி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

சற்று நேரத்தில், கங்காதரன் பேசிக்கொண்டிருக்கையிலேயே, அவருடைய மைக்கில் அதே கரகரத்த குரல் முழங்கியது: "தணிகைவேலனுக்கு!"

தமயந்தி அலுவலகப் படத்தை நீக்கினாள். அவளுக்குப் பின்னால் மலை தெரிந்தது. மைக்கைத் திறந்தாள்.

"நான் திருத்தணிலதான் இருக்கேன் சார். அந்தக் காவடி இப்பதான் எங்க தெருவத் தாண்டிச்சு. நீங்க எந்தத் தெருவுல இருக்கீங்க?"