தொட்டுப் பார்க்கும் கை

கலவாமீன் தலையைக் குழம்பு வைத்துச் சாப்பிட்ட மறுநாள், பனிமயத்துக்குப் பானைத் தண்ணீர் சுட்டது, கொதிக்கும் காப்பி சில்லிட்டது. அவள் கணவன் சந்தியாகுவுக்கும் அப்படியே.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு தாளில் வளையத்தோடு வளையத்தை ஒட்டி நீளமாக ஓர் ஏணி வரைந்தார். பவளப்பாறையில் கண்ணுக்குத் தெரியாத பாசிக்குள் உண்டாகும் நஞ்சின் உருவம் அது. பாசியைத் தின்ற சின்ன மீனைக் கலவா தின்றிருக்கிறது. "கொதிக்க வச்சாலும் சாகாது. நரம்புல ஏறிருச்சு, இறங்க நாளாகும்" என்றார்.

"ஏட்டி, இனி அடுப்பு எதுக்கு? பானைத் தண்ணியே வெந்நிதான்" என்றான் சந்தியாகு. அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் குழந்தை இன்னாசி விளையாடாமல் சுருண்டு படுத்தான். அவன் அந்த மீனைத் தொடவில்லை. பனிமயம் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. குளிரா, காய்ச்சலா? சந்தியாகுவும் தொட்டான்.

"எனக்கும் வெளங்கலட்டி."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். குழாயடிச் சண்டைக்குப் பிறகு அந்த வீட்டு ரெக்சலினோடு பேச்சுவார்த்தை கிடையாது.

"என்னவாம்?" என்று ரெக்சலின் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"பிள்ளையத் தொட்டுப் பாருக்கா. எங்கையி பொய் சொல்லுது."

ரெக்சலின் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, குழந்தையின் நெற்றியில் வைத்தாள். கழுத்தடியிலும் வைத்தாள். பனிமயம் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்து நின்றாள். அந்த முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. "காயுதுட்டி, உள்ள வா."