எழவு வீட்டு வாசல்

"உள்ள வரலாமா தங்கச்சி?"

சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆபீஸர் என் வாசலில் நின்றார்.

அவர் பெயர் அப்துல் ஸமத். மாத்தளை டவுன்காரர். நாவுல பக்கம் போகிற ரோட்டுக்காக எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேலே வேட்டு வைத்து மலையை உடைக்கிறார்கள். வெளிநாட்டுக் கடனில் போடுகிற ரோடு. அதனால், வேட்டால் சனங்களுக்குச் சேதம் வந்திருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்துச் சொல்ல இவரை அனுப்பியிருந்தார்கள். இவர் சேதம் என்று சொன்னால் மலையில் வேட்டு நிற்கும். இல்லை என்றால் நிற்காது. அவ்வளவுதான் விஷயம்.

வரலாமாவா! விடிந்ததிலிருந்து அவருக்காகத்தானே கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

என் புருஷன் அழகமுத்துவின் கருமாதி இன்னும் முடியவில்லை. எழவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் இன்னொரு சாவு வந்து சேரும் என்பார்கள். நான் என் மகள் பூமணியைக்கூடக் கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன். நாலு வயசு. எனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

எழுந்து வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு இது போதும். பேசாமல் உள்ளே நுழைவார்கள், கொஞ்ச நேரம் உட்கார்வார்கள், சொல்லாமல் எழுந்து போவார்கள்.

டவுன்காரருக்கு இது எப்படித் தெரியும்? மற்ற வீடுகளில் எல்லாம் 'வாங்க சார், வாங்க சார்' என்று விழுந்து விழுந்து கூப்பிட்டது எனக்கே கேட்டது. என் வாயிலிருந்தும் அது வரும் என்று மனுஷர் காத்துக்கொண்டு நின்றார்.

அவர் பக்கத்தில் குவாரி ஓவர்சியர் ஒஸ்வல்ட். காலையிலிருந்து அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு திரிகிறான்.

"இவ புருஷன் ஏணியில ஏறி மிளகு பறிக்கும்போது விழுந்து செத்துட்டான் சார். பாவம், பொம்பளைய தொந்தரவு பண்ண வேணாம்."

பாவமாம்! அந்த வாய் அழுகிப் போக. அழகமுத்துவைக் குவாரி லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவன் இவன்தான். ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னான்.

இஸ்தோப்புத் திண்ணையில் நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குக் குவாரியில்தான் வேலை. அதோடு யுத்தக் காலம், நாளும் சரியில்லை. வேட்டு மருந்தே பொலிஸ் காவலோடுதான் மலைக்கு வருகிறது. மலையில் வெடிக்கிறது என்று ஒரு தமிழன் வாயைத் திறந்தால், வெடியைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்தது.

மற்ற வீட்டுக் காம்பராக்களில் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஆபீஸர் வருகிறார் என்றதும் பக்கத்துக் காம்பரா சுந்தரம்மா அக்கா லயத்தையே கிளப்பிவிட்டாள். சுவர் வெடிப்பை எல்லாம் களிமண்ணால் அடைத்து, சுண்ணாம்பு அடித்து, வாசலுக்கு வாசல் கோலம் போட்டார்கள். பெரிய மனுஷர் வருகிற இடம் அலங்கோலமாகக் கிடக்கலாமா என்று ஒரே பேச்சு. அட புத்தி கெட்ட சனமே, அந்த அலங்கோலத்தைப் பார்க்கத்தானே மனுஷர் வருகிறார்! சொன்னேன். எழவு வீட்டுக்காரி பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வது?

என் காம்பராவுக்கு மட்டும் யாரும் சுண்ணாம்பு அடிக்க வரவில்லை. தீட்டு.

அதனால் லயத்தில் மறைக்காமல் இருந்தது என் வீடு மட்டும்தான். அவர் ஒரு எட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தால் போதும்.

அவர் என் திருப்பிய முகத்தைப் பார்த்தார். பொத்திய வாயைப் பார்த்தார்.

நல்ல மனுஷர். "மன்னிச்சுக்கங்க தங்கச்சி" என்று தலையைக் குனிந்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

ஐயோ, போகிறாரே! வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பூமணி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தேன். வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

ஜீப் அலுவிகாரைப் பக்கம் இறங்கிப் போனது.

"கூப்பிடாட்டிப் போகுது, பாருங்கன்னாவது சொல்லியிருக்கலாமே. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் சுந்தரம்மா அக்கா.

சொல்லியிருக்கலாம்தான். அந்த நேரத்தில் அது வாயில் வந்தால்தானே.

பூமணியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

கூரைத் தகரத்து ஓட்டை வழியாக வெயில் விழுந்திருந்தது. நேர் கீழே, மலையிலிருந்து பறந்து வந்த கல் கிடந்தது. தேங்காய் அளவுதான் இருக்கும். அழகமுத்து சோறு தின்ன உட்கார்ந்த இடத்தில், அவருடைய நசுங்கின சோற்றுக் கோப்பை பக்கத்தில் அப்படியே கிடந்தது. ஆபீஸர் பார்க்கட்டும் என்று நான் எதையும் நகர்த்தவே இல்லை.

அன்றைக்கு அவர் ஏணியைத் தொடக்கூட இல்லை.

மலையில் வேட்டுச் சங்கு ஊதியது. ஆபீஸர் போகட்டும் என்று வேட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. சங்கு ஊதினால் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும். இங்கே வேறு வழியில்லை.

பூமணி பக்கத்து வாசல் கோலத்தை விரலால் கலைத்துக்கொண்டிருந்தாள். கையைத் தட்டினேன். சங்குச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். அவள் திரும்பவில்லை.

"வாடி!" என்று கத்திவிட்டேன். "உள்ள வா பூமணி! வா! வா!"