யோசித்துப் போட்ட கையெழுத்து

"இந்தக் காலத்துல சும்மா குடுக்கிறேன்னு ஒருத்தன் வந்தா, முதல்ல வாசல் எங்க இருக்குன்னு பார்த்து வெச்சுக்கணும்" என்றார் பெரியவர். "சிரிச்சுக்கிட்டே வர்றானுங்க. சிரிப்புக்குப் பின்னாடியே காகிதத்தை நீட்டுறானுங்க."

தொண்டு நிறுவனத்துப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அவள் கையிலும் காகிதம்தான் இருந்தது.

"கல்குவாரியில அடைபட்டிருந்து மீண்டவங்களுக்காக ஏற்பாடு பண்ணின வீடுங்கய்யா இது. அஞ்சு மணிக்குள்ள நீங்க கையெழுத்துப் போடலைன்னா ஒதுக்கீடு போயிடும். மறுபடியும் முகாம் கூடத்துல கும்பலோட கும்பலாப் படுக்க வேண்டியதுதான்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"மூணு. தேவைப்பட்டா நீட்டிக்கலாம்."

"வாடகை?"

"நாங்க கட்டுறோம். டாக்டர் செலவும் எங்களுது. மனசு விட்டுப் பேச வாரம் ஒரு அம்மா வருவாங்க."

"பேசி என்னத்தைக் கிழிக்கப் போறாங்க?"

"பேசப் பிடிக்கலைன்னா வந்த வழியே போயிடுவாங்க."

பெரியவர் குழாயைத் திருகிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். கதவின் வெளிப்பக்கத்தைக் கையால் தடவினார்.

"இங்க இருந்த தாழ்ப்பாள் எங்க?"

"நாங்கதான் கழட்டச் சொன்னோம். உள்பக்கம் மட்டும் இருந்தாப் போதும்."

ஏணிமேல் நின்று சுவரில் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்த பெயின்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் நான்தான் பட்டி வெச்சு அடைச்சேன், ஓனரய்யா. வெளியில தாழ்ப்பாள் இல்லாம அந்த ஆளுங்களை எப்படிக் கட்டி மேய்ப்பீங்களோ. மாசம் திரும்புறதுக்குள்ள சுவரைக் கரியாக்கிடுவானுங்க. யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

"அவங்களை உனக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டதுதான்."

"எனக்குத் தெரியும். அதுல ஒரு கிழவன் இருக்கான். கடைஞ்செடுத்த பிடிவாதக்காரன். யார் பேச்சையும் நம்ப மாட்டான்."

"அப்படிச் சொல்லுங்க" என்று பெயின்டர் குஷியாகிப் பிரஷ்ஷால் இன்னொரு இழுப்பு இழுத்தான். அந்தப் பெண் இருமிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொரு சாவி யார்கிட்ட?" என்றார் பெரியவர்.

"இன்னொண்ணே கிடையாது. இருக்கிறது இதுதான்" என்று கையிலிருந்த சாவியைக் காட்டினாள் அவள்.

"வெளியில போகணும்னா யாரைக் கேக்கணும்?"

"யாரையும் கேக்க வேண்டாம்."

"இதை என்னை நம்பச் சொல்றே."

"நம்ப வேண்டாம். பார்த்துக்குங்க."

மணி நாலே முக்கால். ஒப்பந்தத்தை முதலிலிருந்து இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பேனாவை இறுக்கிப் பிடித்து, முகாமில் படித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டித் தன் பெயரை எழுதினார்.

"முடிஞ்சுதா ஓனரய்யா?" என்று பெயின்டர் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

'வீட்டு உரிமையாளர்' என்ற இடத்தில் ஏற்கெனவே யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெரியவர் பெயர் அதற்குக் கீழே, 'குடியிருப்பவர்' என்ற இடத்தில் இருந்தது.

"எறங்கி வெளியில வாடா தம்பி" என்றார் பெரியவர். "என் வீட்டைப் பூட்டணும்."

இருபத்தாறு வருஷம் குவாரிக்காரனைக் கேட்காமல் ஓரடி நகர்ந்திராத மனிதர், யாரிடமும் சொல்லாமல் தெருவில் இறங்கினார்; முனையில் திரும்பிப் பார்த்தபோது ஒருவரும் துரத்தி வரவில்லை, அப்போதும் நம்பாமல், அடுத்த தெருவரைக்கும் போய்ப் பார்த்துவிடுவது என்று நடந்தார்.