துக்க வீட்டில் மகங்கா

ஷொமாரியை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் திரும்பிய பிறகும் அவர் மனைவி சிவேமா பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்து பல்லைக் காட்டினார் மகங்கா.

"உன் சமையலுக்குப் பயந்துதான் போய்ச் சேந்துட்டான், கிழவி! இப்ப நீயே தின்னு பாரு!"

வேற்றூரிலிருந்து புதிதாகக் குடிவந்த நேமா கொதித்தாள். "சாவு வீட்டுல என்னய்யா பேச்சு இது? எழுந்து போய்யா!"

சிவேமா சிரித்துவிட்டாள். முன்னால் வைத்திருந்த களியில் ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள்.

"விடும்மா. எங்க ஜனத்துக்கு அவங்க ஜனம் கேலி முறை. எங்க வீட்டுச் சாவுல எங்களைச் சிரிக்கவைக்கறது அவங்க கடமை. நான்தான் ஆளனுப்பி வரவழைச்சேன்."

மகங்கா கொல்லைப்பக்கம் போனார். பின்னாலேயே போன சிவேமா, அவர் சுவரில் முகம் புதைத்து விம்முவதைக் கண்டாள்.

"உங்க புண்ணியத்துல சாப்பிட்டேண்ணா" என்றாள். "இப்ப நீங்க அழுங்க. யாரும் வராம நான் பாத்துக்கறேன்."