வீட்டுக்குள் சப்பாத்து

வெள்ளைச் சட்டையின் காலரில் இஸ்திரிப் பெட்டி பழுப்பாக ஒரு தீற்றல் போட்டிருந்தது.

நாளைக்குப் போட வேண்டிய சட்டை. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் இயேசுதாசன் இதைப் போட்டுக்கொண்டுதான் எல்லார் முன்னாலும் எழுந்து பேச வேண்டும்.

அவன் மனைவி மதலேனா சட்டையைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய வலது மணிக்கட்டு சரியாக மடங்காது. கனமான பெட்டி சில நேரம் அவள் சொன்னபடி கேட்காது. மணிக்கட்டுக்கு என்ன ஆயிற்று என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

இயேசுதாசனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

ஆனால் அவன் பழைய இயேசுதாசன் இல்லை. கோயிலை ஒட்டிய அறையில், வீட்டில் கை நீட்டிய ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டத்துக்கு எண்பத்தொன்றிலிருந்து ஐந்து வருடமாகப் போகிறவன். முதலில் பங்குச் சாமியார் பிடித்துத் தள்ளித்தான் போனான். பிறகு வீடு இருக்கும் உட்லண்ட்ஸிலிருந்து கோயில் இருக்கும் சிராங்கூன் ரோடுவரை பஸ் ஏறிப் போவதில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

கூட்டத்தை நடத்தும் மரியஅந்தோணி அண்ணன் முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுத்தார். கை எழும்புவதற்கு முன்னால் கால் எழும்ப வேண்டும். வாயை மூடு, செருப்பை மாட்டு, படியிறங்கு. சூடு தணிந்த பிறகு வீட்டுக்கு வா.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த மட்டுப் புத்தியிலும் செருப்பு ஞாபகம் வந்ததே, அதுவே பெரிய காரியம். அன்றிலிருந்து ஓர் அடிகூட இல்லை. நாளைக்கு அதைச் சொல்லத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ‘என் வீட்டில் இப்போது யாருக்கும் பயம் இல்லை’ என்று பேச்சை முடிப்பதாக மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

வாயை மூடினான். செருப்பை மாட்டினான். பெண் பிள்ளைகள் இரண்டும் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் இறங்கிப் போனான்.

அந்தப் புளோக்கில் லிப்ட் ஐந்தாம் மாடியிலும் ஒன்பதாம் மாடியிலும்தான் நிற்கும். ஏழாம் மாடிக்காரர்கள் நடந்தே தீர வேண்டும். வழக்கமாகக் கீழே போய், புளோக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, காப்பிக் கடையில் ஒரு தே வாங்கிக் குடித்துவிட்டுத்தான் திரும்புவான்.

இன்றைக்கு ஐந்தாம் மாடியில் லிப்டுக்குக் காத்திருக்கும்போதே கோபம் போன இடம் தெரியவில்லை. டை கட்டினால் மறைந்துவிடும் கறைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. இதையும் நாளைக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி படியேறினான்.

மரக்கதவு திறந்திருந்தது. இரும்பு கேட் சும்மா சாத்தியிருந்தது.

தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மூத்தவள் அற்புதமேரி சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். காலில் பள்ளிச் சப்பாத்து. நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. மதலேனா கதவோரம் தோளில் பையும் காலில் செருப்புமாக நின்றாள். வீட்டுக்குள் யாராவது செருப்புக் காலோடு ஓரடி வைத்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறவள் அவள். அவன் போகும்போது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றின் சத்தம் நின்றிருந்தது.

யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறினான்.

“என்னாச்சு? எங்க கெளம்பிட்டீங்க?”

அற்புதமேரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

இன்றைக்குத்தான் முதல் தடவை என்றால் இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது. அவன் செருப்பை மாட்டிய போதெல்லாம் அவர்களும் மாட்டியிருக்கிறார்கள். அவன் திரும்பி வருவதற்குள் கழற்றிவைத்து, தரையைத் துடைத்து, அடுப்பை மறுபடி பற்றவைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் மட்டும் சோறு ஏன் தாமதமாகிறது என்று அவன் யோசித்ததே இல்லை.

தரையில் உட்கார்ந்திருந்த கடைக்குட்டி செசிலியா, ஒரு சப்பாத்து காலிலும் மற்றது கையிலுமாக நிமிர்ந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது.

“அம்மா, அப்பா சீக்கிரம் வந்துட்டாங்க. எனக்கு ஒரு சப்பாத்து இன்னும் போடல.”

மாட்டிவிடலாம் என்று குனிந்தான். அவள் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

செசிலியாவுக்கு நாலு வயது. அவன் கடைசியாகக் கை ஓங்கியபோது அவள் பிறந்திருக்கவே இல்லை.