ஏழு நொடி முந்திய குரல்

அலெக்சாந்திரியாவில் என் காபிக்கடையில் சந்தே கூடித் தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்கும். எதிர்மாடியில் ஷவ்கி வானொலியில் கேட்பார். வானொலி ஏழு நொடி முந்தும். அவர் "கோல்!" என்று கத்திய பிறகுதான் நாங்கள் கோலைப் பார்ப்போம்.

"யோவ் ஷவ்கி, வாயில துணிய அடைச்சுக்கய்யா!" என்று ஜன்னலைப் பார்த்துத் திட்டுவோம்.

அவரை அடக்கம் செய்து ஒன்பது நாள். இன்று எங்கள் அணி பந்தோடு ஓடும்போதே மாடியிலிருந்து அதே கரகரத்த குரல்: "கோல்!"

ஏழு நொடியில் திரையில் கோல் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை.

"பிஸ்மில்லா! நீங்க போய்ப் பாருங்கண்ணே. நீங்கதான் அதிகமாத் திட்டினீங்க," என்றான் என் கடைப்பையன் ஹம்தி.

மாடியேறினேன். வானொலியருகே அவர் மனைவி இன்சாஃப் மட்டும் இருந்தார்.

"அக்கா, ஷவ்கி குரல் கேட்டுச்சே..."

"அது என் குரல்தான் தம்பி. பக்கவாதம் வந்து ஆறு மாசமா அவருக்குப் பேச்சே இல்ல. சத்தம் நின்னா சந்து அவர மறந்துடுமேன்னு நான்தான் அவர மாதிரியே கத்தினேன். நீங்க திட்டும்போதுதான் அவர் முகத்துல சிரிப்பு வரும்."

இறைவன் மன்னிக்கட்டும். அந்த ஆறு மாதத்தில், அவர் உடலைத் தூக்கிச் செல்ல மட்டும்தான் நாங்கள் அந்தப் படியை ஏறினோம்.

இன்சாஃப் ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஏன் தம்பி யாருமே திட்டல?"