பதினோராவது பார்சல்

"அனுப்பினவங்க வீட்டுல தையல் மிஷின் இருக்கு, புவா," என்றார் டெஸ்மண்ட், தபாலில் வந்த பழைய புத்தகத்தின் மேல் பூதக்கண்ணாடியை நகர்த்தியபடி.

ஒட்டரிசிச் சோற்றை மூங்கில் கூடையில் அடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி புவாலாய் நிமிரவில்லை. "எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க?"

"பின்னட்டையில மிஷின் எண்ணெய். நடுவுல வட்டமா ஒரு பள்ளம். பல வருஷம் மிஷின் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்காங்க."

"இந்த லம்பாங்குல மிஷின் இல்லாத வீடு எது? நம்ம வீட்டுலயும்தான் இருக்கு. என்னையும் கூண்டுல ஏத்துங்க."

"ஏத்திட்டாப் போச்சு. போன செவ்வாய்க்கிழமை எங்க போயிருந்தே?"

"ஜேஹோம் ஊருக்கு, சித்தி மகளைப் பார்க்க."

"என்ன சாப்பிட்டே?"

"நூடுல்ஸ்."

"முட்டை போட்டா, போடாமலா?"

"லண்டன்ல உங்க கட்சிக்காரங்க எப்படிப் பொறுத்துக்கிட்டாங்களோ, வக்கீலய்யா. சோறு ஆறுது, வாங்க."

டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே மறுபடியும் புத்தகத்தில் குனிந்தார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒரு மாத வழக்குக்காக லண்டனிலிருந்து தாய்லாந்தின் லம்பாங் நகருக்கு வந்தவர், அவளைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டார். அங்கே தேக்கு வியாபாரம் கொடிகட்டிப் பறந்த நாட்களின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். பழைய தஸ்தாவேஜுகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை சாவுப் புத்தகங்கள்தான். வசதியான வீடுகளில் ஒருவர் இறந்தால், அவர் வாழ்க்கையை அச்சடித்துத் தகனத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். வாங்கி வந்தவர்கள் அலமாரியில் போட்டு மறந்துவிடுவார்கள்.

தகவல் வறண்டுபோகும்போதெல்லாம் டெஸ்மண்டின் முகமும் வறண்டுவிடும். "அக்கா நார்விச்சுல எனக்கு ரூம் தயாரா வெச்சிருக்கா. இனிமே இங்க எனக்கு என்ன வேலை?" என்பார். விமான டிக்கெட் மேஜைக்கு வந்துவிடும். போகாதீங்க என்று சொல்ல புவாலாய்க்கு வாய் வராது. எழுபது வயதில் கூடப்பிறந்தவளோடு இருக்க ஆசைப்படுகிறவரை எந்த உரிமையில் தடுப்பது?

அதனால் பஸ் ஏறுவாள். தெரிந்த வீடு, தெரியாத வீடு எல்லாவற்றிலும் அலமாரியைத் திறக்கச் சொல்வாள். கிடைத்த புத்தகத்தை வேறு ஊரிலிருந்து, வேறு யார் கையாலாவது விலாசம் எழுதவைத்து, பெயரில்லாமல் தபாலில் போடுவாள். இது பதினோராவது. இதற்காக ஜேஹோமில் ஒரு தையல்காரியிடம் மூன்று முறை போனாள். கடைசியில் மிஷின் காலுக்கு அளவெடுத்து ஒரு மரக்கட்டை செய்து கொடுத்த பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது.

"புவா, இங்க வா. செத்துப்போன இந்தத் தேக்கு கான்ட்ராக்டர் மரம் இழுக்க வெச்சிருந்த அறுபது யானை பேரும் இதுல இருக்கு. ஒண்ணு பேரு 'மாமியார்'."

"பொருத்தமாத்தான் வெச்சிருக்கார்." கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மெதுவாகக் கேட்டாள், "அப்போ வியாழக்கிழமை பயணம்?"

"அறுபது யானையை விட்டுட்டு எங்க போறது? அக்காவுக்கு எழுதிடறேன்."

"டிக்கெட்டை ரத்து பண்ணணுமே."

"நான் பார்த்துக்கறேன், விடு."

யானைக் கூட்டத்துக்குள் போன மனிதருக்கு டிக்கெட் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்ததும், மேஜை மேலிருந்த தாளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். டிராவல்ஸ் கடைக்கு அவள் போனது அதுதான் முதல் தடவை.

கடைக்காரப் பெண் துக்தா எழுந்து கும்பிட்டாள். "வாங்க அத்தை. மாமா சௌக்கியமா?"

"சௌக்கியம்தான். அவர் ஊருக்குப் போகலையாம். இதை ரத்து பண்ணிடும்மா."

துக்தா தாளை வாங்கிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ரத்து பண்ண இதுல என்ன இருக்கு, அத்தை? மாமா ஒரு தடவைகூட டிக்கெட் வாங்கினதில்லையே. சும்மா ஒரு தாள்ல தேதி போட்டு அடிச்சு வாங்கிட்டுப் போவார். 'இதை மேஜையில வெச்சா, பத்து நாள்ல எங்க வீட்டுக்காரி எங்கிருந்தாவது ஒரு புஸ்தகத்தைப் பிடிச்சு அனுப்பிடறா. போகாதீங்கன்னு சொல்ல மட்டும் அவளுக்கு வரவே மாட்டேங்குது'ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்வார்."